சுட்ட பாட்டும் சுடப்பட்ட பையனும்

பழைய பாட்டுகளைச் சுட்டுக் காசு பார்ப்பவர்களைத் திட்டி ஒரு பாட்டு. அந்தப் பாட்டே இன்னொரு பழைய பாட்டைச் சுட்டு எழுதியது. 1998-ல் வெளிவந்த 'பிளாக் ஸ்டார்' ஆல்பத்தில் இருக்கும் 'சில்ட்ரன்ஸ் ஸ்டோரி'யைத்தான் சொல்கிறேன். பாடியவர் மாஸ் டெஃப், இன்று யாசீன் பே என்ற பெயரில் அறியப்படுபவர். ஹிப்ஹாப் ரசிகர்களைக் கேட்டால் அந்த ஆல்பத்திலிருந்து 'டெஃபினிஷன்' பாட்டைச் சொல்வார்கள், 'ரெஸ்பிரேஷன்' பாட்டைச் சொல்வார்கள். இந்த ட்ராக்கைச் சொல்பவர்கள் குறைவு. ஒரு குறும்புப் பாட்டு, ஒரு மரியாதை வணக்கம் என்ற அளவில் கடந்து போய்விடுவார்கள்.

எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. நகலெடுப்பதைக் கண்டிக்கும் ஒரு நகல் என்றால் அது பாசாங்கா, இல்லை அதற்குள் ஏதாவது நியாயம் இருக்கிறதா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அது வேறொரு இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. அடுத்தவர் செய்ததை எடுத்துக்கொள்ளும்போது அவருக்கு நாம் உண்மையில் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற இடத்தில்.

மூலத்திலிருந்து ஆரம்பிப்போம். ஸ்லிக் ரிக் (இயற்பெயர் ரிக்கி வால்டர்ஸ்) லண்டனில் ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்து, சிறுவயதில் நியூயார்க்கின் பிராங்ஸுக்குக் குடிபெயர்ந்தவர். பேச்சில் இங்கிலாந்துச் சாயல் போகவே இல்லை. பிராங்ஸ் தெருக்கதையை அந்த நாசூக்கான குரலில் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் அவருடைய தனித்தன்மை. 1988-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் 'சில்ட்ரன்ஸ் ஸ்டோரி' இருக்கிறது. குழந்தைகள் தூங்கப்போகும் முன் மாமாவிடம் கதை கேட்கிறார்கள். மாமா சொல்கிறார்.

கதை இதுதான். ஒரு பையன். இன்னொரு பையன் பேச்சைக் கேட்டுத் திருட ஆரம்பிக்கிறான். காசு சுலபமாக வருகிறது, நிறுத்த முடியவில்லை. ஒருநாள் அவன் கைவைத்த ஆள் மாறுவேடத்தில் இருந்த போலீஸ். துரத்தல், துப்பாக்கிச் சூடு. தோட்டா தீர்ந்த நிலையில் ஒரு கர்ப்பிணியைப் பிடித்து மிரட்டுகிறான். பிறகு, தான் செய்வது தப்பு என்று உள்ளுக்குள் தெரிந்து அவளை விட்டுவிடுகிறான். ஓடுகிறான், சூழப்படுகிறான், துப்பாக்கியைக் கீழே போடுகிறான். அதற்கப்புறமும் போலீஸ் சுடுகிறது. அவனுக்கு வயது பதினேழு. அவன் அலறல் இன்னும் காதில் கேட்பதாகச் சொல்லிவிட்டு, இது சிரிக்கிற விஷயமில்லை, நேர்வழியில் போங்கள் என்று அறிவுரையும் சொல்லி மாமா விளக்கை அணைத்துவிடுகிறார்.

இந்தப் பாட்டை நிறையப் பேர் 'திருடாதே பாப்பா' வகையறாவாகவே கேட்டிருக்கிறார்கள். மேலோட்டமாக அப்படித்தான் தெரியும். ஆனா நிகழ்வுகளின் வரிசையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதலில் அவளை விட்டுவிடுகிறான். பிறகு துப்பாக்கியைப் போடுகிறான். பிறகுதான் சுடப்படுகிறான். மாமா சொல்லும் நீதி 'தப்பு செய்தால் சாவாய்'. மாமா சொல்லும் கதையோ 'தப்பை நிறுத்திய பிறகும் கொல்லப்பட்டான்'. நீதியும் கதையும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒட்டாத அந்த இடத்தில்தான் அலறல் கேட்கிறது. இதைத் தெரிந்தே வைத்தாரா, கதையின் ஓட்டத்தில் வந்து விழுந்ததா என்பது முக்கியமில்லை. பாட்டில் அது இருக்கிறது.

இப்போது மாஸ் டெஃப். அவர் கதைச் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொள்கிறார். அதே 'முன்னொரு காலத்தில்' தொடக்கம், அதே எதுகை ஓட்டம், அதே வழிதவறிய பையன். திருடும் பொருள்தான் மாறுகிறது. இந்தப் பையன் ஆட்களிடம் வழிப்பறி செய்யவில்லை, பழைய பீட்டுகளைக் கொள்ளையடிக்கிறான். ஒன்று எடுத்தான், காசு வந்தது, அடுத்தது, அதற்கடுத்தது, வியாதி மாதிரி நிறுத்த முடியவில்லை. கடைசியில் பணத்தைத் துரத்துவது பற்றியும், எப்படியாவது ஜெயித்தால் சரி என்ற மனப்பான்மை பற்றியும் நேரடியாக ஒரு குட்டு.

யாரைக் குட்டினார் என்று கேட்டவர்களுக்கு அப்போது சந்தேகமே இருந்திருக்காது. அதற்கு முந்தைய ஆண்டு, 1997, பஃப் டாடியின் ஆண்டு. 'த மெசேஜ்' பாட்டின் இசையை எடுத்து ஒரு ஹிட். டயானா ராஸின் 'ஐ'ம் கமிங் அவுட்' மேல் ஒரு ஹிட். கொல்லப்பட்ட நண்பர் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.க்கு அஞ்சலியாக, த போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' மேல் ஒரு மாபெரும் ஹிட். அது அமெரிக்கப் பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டு, அதன்மேல் புதுப் பேச்சு. சூத்திரம் அவ்வளவுதான்.

இந்தச் சூத்திரம் பேராசையில் மட்டும் பிறந்ததில்லை. சட்டத்துக்கும் அதில் பங்குண்டு. 1991-ல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீது, கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் சாம்பிள் எடுத்ததாக வழக்கு. நீதிபதி டஃபியின் தீர்ப்பு, களவு செய்யக் கூடாது என்ற பைபிள் கட்டளையோடு தொடங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி, ஒவ்வொரு துண்டுக்கும் விலை. 80-களின் கடைசியில் பப்ளிக் எனிமி, டி லா சோல் போன்றவர்கள் பல பாட்டுகளின் சிறுசிறு துண்டுகளை ஒட்டி ஓர் ஒலிப்படலமே செய்தார்கள். அந்த முறை கட்டுபடியாகாமல் போனது. பத்துத் துண்டுக்குப் பத்து இடத்தில் காசு கொடுப்பதைவிட, எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஒரு பெரிய துண்டை வாங்குவது லாபம். களவைத் தடுக்க வந்த சட்டம், நுணுக்கமாக எடுப்பவனை ஒதுக்கிவிட்டு மொத்தமாக எடுப்பவனுக்கு வழிவிட்டது.

சரி, அப்போ மாஸ் டெஃப் எதைக் களவு என்கிறார்? நான்கு விடைகள் சட்டென்று தோன்றும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் விடை: அனுமதி இல்லாமல் எடுப்பதுதான் களவு. இது சட்டத்தின் விடை. ஆனால் 1995-ல் மாண்டெல் ஜோர்டன் பாடிய 'திஸ் இஸ் ஹவ் வீ டூ இட்' பாட்டைப் பாருங்கள். அது நம்ம ஸ்லிக் ரிக்கின் 'சில்ட்ரன்ஸ் ஸ்டோரி' இசையின்மேல் கட்டியது. ரிக்கின் பெயர் பாடலாசிரியர்களில் ஒன்றாக இருக்கிறது. சட்டப்படி சுத்தம். ஆனால் அங்கே நடந்தது என்ன? ஒரு சிறுவனின் சாவைச் சொன்ன இசை வெள்ளிக்கிழமை ராத்திரிக் கொண்டாட்டத்துக்கானது. ஒரு சரணத்தில் ரிக்கின் கதைத் தொடக்கத்தையும் எடுத்து, காசில்லாமல் இருந்த தான் காசு பார்த்த கதையாக மாற்றிக்கொள்கிறார் ஜோர்டன். ஏழு வாரம் முதலிடம். ரிக் அப்போது ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கில் சிறையில் இருந்தார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கிறது. அது அனுமதிப் பத்திரத்தில் இல்லாத ஒன்று.

சட்டம் யாரை உரிமையாளர் என்கிறது என்பதும் நேர்கோடானதில்லை. 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டைக் கேட்டவுடன் நமக்குத் தெரிவது அந்த கிதார். அதை வாசித்தவர் ஆண்டி சம்மர்ஸ். பாட்டை எழுதியவராகப் பதிவில் இருப்பது ஸ்டிங் மட்டும். பஃப் டாடி எடுத்தது சம்மர்ஸின் விரல்களை. எழுத்தாளர் பங்கு போனது ஸ்டிங்குக்கு.

இரண்டாவது விடை: பெயர் சொல்லாமல் எடுப்பது களவு. ஹிப்ஹாப்பின் முதல் பெரிய ஹிட்டிலேயே இந்தக் காயம் உண்டு. 1979-ன் 'ராப்பர்ஸ் டிலைட்'டில் பிக் பேங்க் ஹாங்க் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. எடுத்தவர் காஸின் புனைபெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றாமல் பாடிவிட்டார். காஸுக்குப் பெயரும் வரவில்லை, பணமும் வரவில்லை. ஹிப்ஹாப்பில் இதற்கு 'பைட்டிங்' என்று பெயர், அடுத்தவன் தட்டிலிருந்து கடிப்பது. ஆனா இதே ஹிப்ஹாப்பின் தொடக்கத்தில் நிற்கும் டிஜே கூல் ஹெர்க், தான் வாசிக்கும் இசைத்தட்டு எது என்று போட்டியாளர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார். மூலத்தை மறைப்பது அந்தக் கலையின் தொழில் ரகசியம். அதை யாரும் களவென்று சொல்லவில்லை.

மூன்றாவது விடை: காசுக்காக எடுப்பது களவு. மாஸ் டெஃப்பின் பாட்டு பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் 1973 ஆகஸ்ட் 11 அன்று, பிராங்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் ஹெர்க் நடத்திய விருந்துக்கே நுழைவுக் கட்டணம் இருந்தது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. ஹெர்க்கின் தங்கை சிண்டி பள்ளி திறக்கும்போது புதுத்துணி வாங்குவதற்காக ஏற்பாடு செய்த விருந்து அது. ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் நாளே காசுக்காக நடந்த நாள்தான். அதில் எந்த அசிங்கமும் இல்லை.

நான்காவது விடை: எதுவும் சேர்க்காமல் அப்படியே எடுப்பது களவு. இதற்கு எதிர்ச்சான்று ஸ்னூப் டாக். டக் ஈ. ஃபிரெஷும் ஸ்லிக் ரிக்கும் 1985-ல் செய்த 'லா டி டா டி'யை, 1993-ல் ஸ்னூப் தன் முதல் ஆல்பத்தில் 'லோடி டோடி'யாகப் பாடினார். அங்கங்கே தன் பெயரையும் ஊரையும் வைத்ததைத் தவிர வரிகள் பெரும்பாலும் ரிக்குடையவை. கடித்துவிட்டான் என்று யாரும் கூச்சல் போடவில்லை. அன்பின் செயலாகவே எடுத்துக்கொண்டார்கள். மிகக் குறைவாக மாற்றியவர் மீது மிகக் குறைவான பழி!

நான்கும் நிற்கவில்லை. அப்படியென்றால் 'களவு' என்பதே தவறான சொல்லோ?

நம் பழைய இலக்கணக்காரர்கள் இந்தக் கேள்வியை வேறு பக்கமிருந்து அணுகினார்கள். முதல்நூல், வழிநூல் என்று பிரித்தபோது வழிநூலைத் தாழ்ந்ததாக வைக்கவில்லை. முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், பின்வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சொல்வது வழிநூல் என்கிறது நன்னூல். பழைய சூத்திரங்களை ஏன் அப்படியே எடுத்து வைக்கிறோம் என்பதற்கும் காரணம் சொல்கிறது. முன்னோரின் கருத்தை மட்டுமல்ல, அவர்களுடைய சொல்லையும் பொன்போல மதிக்கிறோம் என்று காட்டுவதற்காக. இங்கே யாருடைய சொத்து என்ற கேள்வியே எழவில்லை. எடுத்தவன் எடுத்ததோடு என்ன உறவு வைத்திருக்கிறான் என்பதுதான் கேள்வி.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் மாஸ் டெஃப்பின் பாசாங்கு என்று தோன்றியது கரைந்துவிடுகிறது. அவருடைய பாட்டு வேலை செய்ய வேண்டுமென்றால் கேட்பவருக்கு ரிக்கின் பாட்டு தெரிந்திருக்க வேண்டும். அதன் மெட்டு மட்டுமில்லை, அதன் அர்த்தமும். ஆள்களைக் கொள்ளையடித்த பையன் நினைவில் இருந்தால்தான் பாட்டைக் கொள்ளையடிக்கும் பையன் உறைப்பான். ஜோர்டனின் பாட்டுக்கு ரிக்கின் கதை தெரியவே வேண்டாம். தெரிந்தால் ஆடுவதற்குச் சங்கடமாகக்கூட இருக்கும். ஒருவர் மூலத்தின் பொருளோடு பேசுகிறார். இன்னொருவர் மூலத்தின் பழக்கத்தை மட்டும் பயன்படுத்துகிறார். ஏற்கெனவே தெரிந்த ஒலி என்பதால் காது தானாகத் திறந்துகொள்கிறது, அந்தத் திறந்த கதவு வழியே வேறு சரக்கு உள்ளே வருகிறது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் வெளியிட்ட ஜி.பி.எல். உரிமமும் இதே வகைத் தந்திரம்தான். மென்பொருளைப் பூட்டிவைக்கப் பயன்பட்ட காப்புரிமைச் சட்டத்தையே எடுத்து, யாரும் பூட்ட முடியாதபடி செய்தார். எதிராளியின் ஆயுதத்தை எடுத்ததற்காக அவரைப் பாசாங்குக்காரர் என்று சொல்ல முடியாது. நகலை வைத்து நகலை விமர்சிப்பதும் அப்படித்தான்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிடலாம். மாஸ் டெஃப் ஜெயித்தார், மற்றவர்கள் தோற்றார்கள், வணக்கம். ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன.

ஒன்று, பஃப் டாடியின் அஞ்சலிப் பாட்டு. 'எவ்ரி பிரெத் யூ டேக்' ஒருவரை விடாமல் கண்காணிக்கும் மனத்தின் பாட்டு. அதை இரங்கல் பாட்டாக்கினால் மூலத்தின் பொருள் தூக்கி எறியப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் அதைப் பாடியவர்களில் ஒருவர் ஃபெய்த் எவன்ஸ், இறந்தவரின் மனைவி. துக்கத்தில் இருப்பவர் புது மெட்டு தேடுவதில்லை. கைக்கு எது அகப்படுகிறதோ அதில் அழுவார். நம் ஊர் ஒப்பாரியில் மெட்டு ஊருக்கே பொது, அழுகை மட்டும் அவளுடையது. அந்தப் பாட்டைப் போட்டுத் தங்கள் சொந்தச் சாவுகளை நினைத்து அழுதவர்களைப் பார்த்து, உங்களுக்கு மூலத்தின் பொருள் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. மூலத்துக்குக் கடன் உண்டு. ஆனால் உலகத்தில் இருக்கும் ஒரே கடன் அது மட்டுமில்லை.

இரண்டாவது உறுத்தல் இன்னும் பெரியது. மாஸ் டெஃப் ரிக்கின் நீதியை எடுத்துக்கொண்டார், கதையை விட்டுவிட்டார். மூலத்தில் அந்தப் பையன்மேல் நமக்குப் பரிதாபம் வருகிறது. கர்ப்பிணியை விடுவித்தவன், துப்பாக்கியைப் போட்டவன். ரீமேக்கில் அந்தத் தயக்கத்துக்கு வேலை இல்லை. அங்கே பையன் ஒரு கேலிச்சித்திரம், திட்டு வாங்குவதற்காகவே நிறுத்தி வைத்தவன். ஸ்லிக் ரிக்கின் மாமா பேசும்போது நீதிக்கும் துக்கத்துக்கும் நடுவில் திணறினார். மாஸ் டெஃப்பின் மாமாவுக்கு எந்தத் திணறலும் இல்லை. அவர் சரியானவர், அது அவருக்குத் தெரியும். அந்த நிச்சயம் பாட்டைக் கொஞ்சம் சின்னதாக்கிவிடுகிறது.

மென்பொருள் வேலையில் இதை அடிக்கடி பார்க்கலாம். பழைய நிரலை எடுத்துத் திருத்தி எழுதுபவர் முதலில் நீக்குவது, நடுவில் தேவையில்லாமல் நிற்பதுபோல் தெரியும் அந்த ஒற்றை நிபந்தனை வரியை. 'இது எதுக்கு இங்க?' என்று எடுத்துவிடுவார்கள். மீதியெல்லாம் முன்பைவிட அழகாக இருக்கும். யாரோ ஒருவர் ஏதோ ஒரு ராத்திரி முழுக்க முழித்திருந்து கண்டுபிடித்துச் சேர்த்த வரி அது. உரிமத்தில் எழுதியபடி மூல ஆசிரியரின் பெயர் கோப்பின் தலையில் பத்திரமாக இருக்கும். அவர் பட்ட பாடு மட்டும் இருக்காது. இப்போது நிரலை எழுதித் தரும் இயந்திரங்கள் வந்த பிறகு, எந்த வரி யாருடைய எந்த ராத்திரியிலிருந்து வந்தது என்று கேட்கக்கூட ஆள் இல்லை. பெயர் போனது ஒரு நஷ்டம்தான். ஆனா ஏன் அந்த வரி அங்கே இருந்தது என்பதைக் கேட்கும் பழக்கம் போவது அதைவிடப் பெரிய நஷ்டம் என்று எனக்குப் படுகிறது.

ரிக்கின் பாட்டுக்கு இன்னொரு மறுபிறவி உண்டு. 2018-ல் நாஸ் வெளியிட்ட 'நாஸிர்' ஆல்பத்தில் 'காப்ஸ் ஷாட் த கிட்' என்ற பாட்டு. தயாரித்தவர் கான்யே வெஸ்ட். ரிக்கின் பாட்டில் போலீஸ் பையனைச் சுட்டதைச் சொல்லும் அந்தச் சில சொற்களை, ரிக்கின் குரலிலேயே வெட்டி எடுத்து, லூப்பாக ஓட விட்டார்கள். திரும்பத் திரும்ப, காதில் ஆணி அடிப்பதுபோல, பாட்டு முழுக்க. மேலே நாஸ் கறுப்பின இளைஞர்கள்மீது நடக்கும் போலீஸ் வன்முறையைப் பேசுகிறார். அறிவுரை வெட்டப்பட்டுவிட்டது. கொலை மட்டும் மிச்சம்.

செய்முறை என்று பார்த்தால், மாஸ் டெஃப் கேலி செய்த அதே வேலை இது. பிரபலமான பழைய பாட்டு, அதிலிருந்து ஒரு துண்டு, பெரிய நட்சத்திரங்கள், பெரிய வெளியீடு. ஆனால் முப்பது வருஷத்துக்கு முன்பு மாமா அறிவுரையால் மூடி வைத்திருந்த ஒன்றை இந்த லூப் திறந்து காட்டுகிறது. மூலத்தில் இல்லாத எதையும் அது சேர்க்கவில்லை. இருந்ததைக் கேட்க வைக்கிறது. அதைக் கேட்டுவிட்டு ரிக்கின் பாட்டுக்குத் திரும்பினால், அந்த வரியைத் தாண்டி நீதிக்குப் போக நாக்கு எழவில்லை.

நம் பேச்சுவழக்கில் 'சுடுவது' என்ற ஒரே வினை இரண்டுக்கும் வருகிறது, பாட்டைச் சுடுவதற்கும் பையனைச் சுடுவதற்கும். மாஸ் டெஃப்பின் கவனம் முதல் சுடுதலில் நின்றுவிட்டது. நாஸின் பாட்டு முதலாவதைச் செய்து இரண்டாவதைச் சொன்னது.

ஆகவே 'எடுத்தாயா?' என்று விசாரிப்பது பெரும்பாலும் பயனற்ற விசாரணை. ஹிப்ஹாப்பில் எடுக்காதவர் யாருமில்லை. ஸ்லிக் ரிக்கே பாப் ஜேம்ஸ் 1974-ல் வெளியிட்ட 'நாட்டிலஸ்' என்ற இசையை எடுத்துத்தான் கதை சொன்னார். 'காசு கொடுத்தாயா?', 'பெயர் போட்டாயா?' என்பவை அவசியமான கேள்விகள். காஸுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. ஆனால் அவை கணக்கை முடிப்பதற்கான கேள்விகள். அவற்றுக்குப் பிறகும் மிஞ்சும் கேள்வி ஒன்று உண்டு: 'எடுக்கும் முன் முழுசாகக் கேட்டாயா?' உனக்கு உபயோகமான பகுதியை மட்டுமில்லை, உனக்கு இடைஞ்சலான பகுதியையும். ஆடுபவனுக்கு அந்தச் சாவு இடைஞ்சல். நீதி சொல்பவனுக்கு அந்தப் பையனின் மனமாற்றம் இடைஞ்சல். அந்த இடைஞ்சலோடு சேர்த்து எடுப்பவன் மூலத்துக்குப் பட்ட கடனை அடைக்கிறான். அதை நோகாமல் கழித்துவிட்டு எடுப்பவன், அனுமதிச் சீட்டு கையில் இருந்தாலும், நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டுத்தான் போகிறான்.

அந்தக் கேள்விக்கு மாஸ் டெஃப்பின் பாட்டு பாதி பதில்தான் சொல்கிறது. ஆனாலும் அதை மறுபடி போட்டுக் கேட்கிறேன். ஒரு ரீமேக் என்பது மூலத்தை ஒருவர் எப்படிக் கேட்டார் என்பதன் பதிவு. அவர் எங்கே நன்றாகக் கேட்டார், எங்கே காது கொடுக்காமல் விட்டார் என்பது அதில் அப்படியே தெரிகிறது. மூன்று ரீமேக்குகளையும் வரிசையாகப் போட்டுவிட்டுக் கடைசியில் ரிக்கை ஒருமுறை போடுங்கள். பையன் துப்பாக்கியைக் கீழே போடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.